வாரத்துக்கு விட்ட நாய்

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி பிரசவ வார்டில் ஆயா ரெபேக்காளிடம் திட்டு வாங்காத புருஷன்மார்கள் குறைவு. இரண்டு முறை வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்த பெண்டாட்டியை மூன்றாவது முறையும் கூட்டிக்கொண்டு வருகிறவனைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பாள். "இன்னா நைனா, அது வயிறா, ஜிப்பு வெச்ச பையா? எத்தினி தபா தொறந்து மூடுவே?" என்பாள். நர்சுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். அந்த ஆள் தலையைச் சொறிந்தபடி வராந்தாப் பக்கம் நழுவிவிடுவான்.

அப்பேர்ப்பட்ட வாய்க்காரி, தன் வீட்டு நாய்க்கு அதே கதி வந்தபோது வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டால், அவளுடைய அப்பா ஏசுபாதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஏசுபாதம் கருங்குழியில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. ஆனால் படாளத்துப் பண்ணைக்காரருடைய மாடு ஒன்று எப்போதும் அவர் கொட்டகையில் நிற்கும். வாரத்துக்கு வளர்த்தார். மாடு பண்ணைக்காரருடையது, புல்லும் தண்ணீரும் பாடும் வளர்க்கிறவருடையது. முதல் ஈத்துக் கன்று மாட்டுக்காரருக்கு, அடுத்த ஈத்து வளர்க்கிறவருக்கு, அதற்கடுத்தது மறுபடியும் மாட்டுக்காரருக்கு. இதற்கு எழுத்தும் இல்லை சாட்சியும் இல்லை, வாய்ச்சொல்தான். ஒரு வருஷம் ஏசுபாதத்தின் முறையில் பிறந்த கன்று பால் குடிக்காமல் செத்துப்போயிற்று. அடுத்த ஈத்து அருமையான கிடாரிக் கன்று. "போன தபா நமக்கு ஒண்ணும் நிக்கலியே, இத்த நமக்கே வுடச் சொல்லி ஒரு வார்த்த கேளேன்" என்று மனைவி கெஞ்சினாள். "முறைன்னா முறைதான்" என்று சொல்லிவிட்டு, கன்றைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு நடந்தே படாளம் போய் விட்டுவிட்டு வந்தார் மனுஷன். சின்னப்பெண் ரெபேக்காள் தெருமுனை வரைக்கும் அழுதுகொண்டே பின்னால் ஓடினாள்.

அவர் சாகும்போது சொந்தமாக ஒரு மாடும் இல்லை. 'ஏசுபாதம் வூட்டு வாரம் பொய்க்காது' என்ற பேர் மட்டும் மிச்சம் இருந்தது. கொட்டகையும் இருந்தது. மகள் இரண்டையும் காப்பாற்றி வைத்திருந்தாள்.

போன் விளம்பரம் ஒன்றில் சப்பை மூக்கு நாய் வந்து ஊரையே மயக்கிய காலம் அது. பக் நாய் என்று பேர் தெரியாதவர்கள்கூட 'அந்த விளம்பர நாய்' வேண்டும் என்று அலைந்தார்கள். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் குடியிருந்த கேசவன் உத்தியோகம் போக மிச்ச நேரத்தில் அந்த நாயை வளர்த்துக் குட்டி விற்றுக்கொண்டிருந்தார். குவார்ட்டர்ஸில் மந்தையாக நாய் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அதனால் ஆணைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பெட்டை நாய்களை நம்பிக்கையான வீடுகளில் விட்டிருந்தார். புதுப்பட்டினத்தில் ஒன்று, சதுரங்கப்பட்டினத்தில் ஒன்று. தங்கையின் பிரசவத்துக்காகப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து போன நாட்களில் ரெபேக்காளின் சுத்தத்தைப் பார்த்துவிட்டு அவளிடமும் பேச்சைப் போட்டார்.

"பொட்டைக்குட்டி ஒண்ணு இருக்குக்கா. தீனிச் செலவு என்னோடது. நீங்க வளருங்க. குட்டி போட்டா ஆளுக்குப் பாதி."

"பாதியெல்லாம் இன்னாத்துக்கு சார், அப்புறம் நல்ல குட்டி ஒனக்கா எனக்கான்னு பேஜாரு. வாரம்னு வெச்சிக்கலாம். மொத ஈத்து உங்களுது, அடுத்தது என்னுது, அதுக்கப்புறம் உங்களுது. எங்க நைனா காலத்து முறை."

கேசவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆக, மாட்டுக்காக ஏற்பட்ட முறையை ஒரு நாயின் கழுத்தில் மாட்டியது அவர் இல்லை, இவள்தான். இதை ஒளித்துப் பிரயோஜனமில்லை.

டாலி வந்து சேர்ந்தபோது தெருவே கூடி நின்று சிரித்தது. "ஓடிப்போயி செவுத்துல முட்டிகினா மாரி கீது மூஞ்சி" என்றார்கள். கரிபூசிய முகம், முழித்த கண், தூங்கினால் கிழவன் மாதிரி குறட்டை. இரண்டு நடை ஓடினால் மூச்சு இரைத்து நாக்கைத் தொங்கப்போட்டுவிடும். வெயில் ஏறினால் ரெபேக்காள் கொட்டகையில் ஈரச் சாக்கு விரிப்பாள். சாயங்காலம் செங்கல்பட்டு பஸ்ஸில் அவள் வந்து இறங்கி வாசலில் கால் வைத்தால் போதும், அவள் பாதத்தின்மேல் வந்து படுத்துக்கொள்ளும். நாள் பூராவும் நின்று கடுத்த கால். அந்தச் சூடு அவளுக்கு இதமாக இருந்தது. அவள் வாழ்க்கையில் அவளுக்காகக் காத்திருந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. புருஷன் செத்துப் பல வருஷம் ஆயிற்று, மகள் அன்பரசிக்குப் படிப்பு.

டாலிக்கு ஒரு வயசு நிரம்புவதற்குள் கேசவன் ஆண் நாயைக் காரில் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனார். நாள் வந்தது, வலி வந்தது, குட்டி வரவில்லை. ஆட்டோ பிடித்துச் செங்கல்பட்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் ஸ்வாதி வயிற்றைத் திறந்துதான் குட்டிகளை எடுத்தார்.

"இதுவே இன்னும் குட்டிம்மா. அதுக்குள்ளயா? இந்த ஜாதிக்குத் தலை பெருசு, இடுப்பு சின்னது. தானா ஈனாது. ரெண்டு வயசாவது ஆகட்டும், நடுவுல உடம்பு தேறட்டும்னு விடணும். இது மாடு இல்ல."

முதல் ஈத்து, முறைப்படி கேசவனுக்கு. குட்டிகள் தாயிடம் பால் மறப்பதற்கு முன்பே கூடையில் வைத்துக் கொண்டுபோய்விட்டார், வாங்குகிறவர்களுக்கு அவசரமாம். டாலி கட்டிலுக்கடியில், அடுப்பு மூலையில், தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் எல்லாம் தேடியது. பிறகு ரெபேக்காளின் பழைய செருப்பைக் கவ்விக்கொண்டு போய்ச் சாக்கில் போட்டு, அதைச் சுற்றிப் படுத்துக்கொண்டது. அந்தச் செருப்பை அவள் திரும்ப எடுக்கவில்லை.

அடுத்த பருவத்திலேயே இரண்டாவது ஈத்து. இது அவளுடைய முறை. மறுபடியும் ஆபரேஷன்தான். அந்தக் குட்டிகளை விற்றுத்தான் அன்பரசியை நர்சிங்கில் சேர்த்தாள். டாலியின் வயிற்றில் தையல் தழும்பு மறையுமுன்னே மகள் வெள்ளை யூனிபாரம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். ரெபேக்காளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷப்பட்டோமே என்று பிற்பாடு அவள் கூசிப்போனது வேறு விஷயம்.

தையல் பிரிக்கப் போன அன்று டாக்டர் ஸ்வாதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இனிமே கூடாது. கர்ப்பப்பை ரொம்ப நொந்திருக்கு. இன்னொரு தடவை சினையாச்சுன்னா பழைய தையல்லயே கிழிஞ்சிடும். இந்த மாசமே கர்ப்பப்பையை எடுத்துடலாம், கூட்டிட்டு வாங்க."

"நாயி அவுருது மேடம்."

"வளர்க்கிறது நீங்கதானே?"

"என் முறைய நான் துன்னுட்டேன் மேடம். அடுத்தது அவுரு முறை. என்னுது வந்தப்புறம் கதவ சாத்தினா அது நாயமா?"

டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டார். "நியாயம் உங்க ரெண்டு பேருக்குள்ள. வயிறு அதோடதும்மா."

கேசவனிடம் சொல்லாமல் இல்லை. வந்தபோது டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் நமக்கு மனசு லேசாகிவிடும். அவர் கெட்டவரில்லை, அதுதான் தொல்லை. டாலிக்கு பிஸ்கட் வாங்காமல் வந்ததே இல்லை. மடியில் தூக்கி வைத்துக்கொண்டு காதைத் தடவியபடியே சொன்னார்: "ஒரே ஒரு ஈத்துக்கா. போன தடவையும் டாக்டருங்க பயமுறுத்தத்தான் செஞ்சாங்க, நல்லாத்தானே இருக்கு? ஆளுங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன். இது முடிஞ்சதும் டாலி உங்களுக்கே."

வார்டில் எத்தனை ஆண்பிள்ளைகள் இதே 'ஒரே ஒரு தடவை'யைச் சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்! அது வயிறா, ஜிப்பு வெச்ச பையா என்பது தொண்டை வரைக்கும் வந்தது. கன்றைப் பிடித்துக்கொண்டு படாளத்துக்கு நடந்த அப்பாவின் முதுகும் கூடவே நினைவுக்கு வந்தது. அவள் காப்பி போட உள்ளே போய்விட்டாள்.

மாசி கடைசியில் ஒரு காலை, சாக்கில் ரத்தச் சொட்டு தெரிந்தது. டாலி பருவத்துக்கு வந்துவிட்டது. ரெபேக்காள் சாக்கைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போனாள். அந்தப் பருவம் கழிகிற வரைக்கும் பேசாமல் இருந்துவிட்டால் போதும் என்று அவளுக்குத் தெரியும். தானாகப் போய்ச் சொல்ல வேண்டும் என்று முறை இல்லை. ஆனால் கேட்டால்?

சாயங்காலம் கேட்டார். செல்போனை எடுத்த அன்பரசி, குரல் யாருடையது என்று தெரிந்ததும் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "மா, இல்லன்னு சொல்லிடும்மா" என்று கெஞ்சினாள். ரெபேக்காள் போனை வாங்கினாள். டாலி அவள் பாதத்தின்மேல் படுத்திருந்தது.

"என்னக்கா, ஹீட்டுக்கு வந்துடுச்சா?"

"வந்துட்டுது சார்."

அன்பரசி எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி அம்மாவோடு சாப்பிட உட்காரவில்லை.

வலி எடுத்தது அக்கினி நட்சத்திரத்தில், உச்சி வெயிலில். ஆட்டோ பாலாற்றுப் பாலத்தில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. டாலியின் நாக்கு கறுத்துக்கொண்டு வந்தது. ரெபேக்காள் பாட்டில் தண்ணீரை முந்தானையில் நனைத்து அதன் தலையில் ஒற்றிக்கொண்டே, "தோ வந்துட்டோம், தோ வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். டாலியால் மூச்சு விட முடியவில்லை, ஆனாலும் முகத்தை இழுத்துக்கொண்டு வந்து அவள் பாதத்தில்தான் வைத்தது.

டாக்டர் ஸ்வாதி சொன்னபடியே பழைய தையலில் கிழிந்திருந்தது. டாலி மேசையிலேயே போய்விட்டது. குட்டிகளில் ஒன்றே ஒன்றுக்கு உயிர் இருந்தது. துண்டால் தேய்த்துத் தேய்த்து மூச்சு வரவழைத்தார்கள். பெட்டை. டாக்டர் அவளைக் குற்றம் சொல்லவில்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை. குட்டியை மட்டும் அவள் கையில் கொடுத்தார்.

மறுநாள் கேசவன் வந்தார். கொட்டகைக்குப் பின்னால் புது மண்ணைப் பார்த்ததும் அவருக்கும் கண் கலங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே அன்பரசி, அட்டைப்பெட்டியில் இருந்த குட்டிக்கு இங்க் ஃபில்லரில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். அது சத்தம் போட்டுவிடப் போகிறதே என்று ரெபேக்காள் உள்கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"குட்டி எதுவும் பொழைக்கலையாக்கா?"

இது அவருடைய ஈத்து. முறைப்படி அந்தக் குட்டி அவருடையது. பெட்டை வேறு. ஒரு வருஷம் போனால் ஆண் நாயை ஏற்றிக்கொண்டு கார் வரும்.

"இல்ல சார்" என்றாள் ஏசுபாதத்தின் மகள். "அல்லாம் பூட்ச்சு."

அவர் மறுகேள்வி கேட்கவில்லை. அந்த வீட்டு வார்த்தை மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. எழுந்து நின்று, "உங்களைப் போல நேர்மையான ஆளு எனக்குக் கிடைக்க மாட்டாங்கக்கா. கொஞ்ச நாள் போகட்டும், இன்னொரு பொட்டை கொண்டாந்து விடறேன்" என்றார்.

"வேணாம் சார்" என்றாள். அவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்று அவளுக்கே ஆத்திரமாக இருந்தது.

பொய் சொன்னபிறகு குட்டியைக் கருங்குழியில் எப்படி வைத்திருக்க முடியும்? கூட வேலை பார்த்த வேண்டா என்ற ஆயா, மாமல்லபுரத்தில் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். வயசு வந்ததும் டாக்டர் ஸ்வாதியே அதற்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார். வார்டில் ரெபேக்காள் தன் வேலையைச் செய்தாள், பெருக்கினாள், துடைத்தாள். மூன்றாவது ஆபரேஷனுக்குப் பெண்டாட்டியைக் கூட்டிவந்தவர்களை ஒன்றும் சொல்லவில்லை. ஆயாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று நர்சுகள் பேசிக்கொண்டார்கள்.

லீவு கிடைத்தால் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து மாமல்லபுரம் போவாள். குட்டிக்கு லில்லி என்று பேர். தாயின் முகம், தாயின் குறட்டை. ஒருநாள் வேண்டாவின் வாசலில் இருவரும் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, லில்லி வந்து அவள் பாதத்தின்மேல் படுத்துக்கொண்டது. யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ரெபேக்காள் கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

வேண்டாவுக்கு விஷயமெல்லாம் தெரியும். "இன்னாடி, பொய் சொல்லிட்டோம்னு இன்னும் மன்சுல வெச்சிகினு கீறியா? ஒரு உசுருக்காகத்தானே சொன்னே. ஆண்டவரு அத்தெல்லாம் கணக்குல வெக்க மாட்டாரு, வுடு."

ரெபேக்காள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாதத்தை அசைக்கவில்லை.

"அந்தப் பொய்க்கு நான் அழலடி. அன்னிக்கு போன்ல நெசத்த சொன்னனே, அதுக்குத்தான்."