இடமிருந்து இரண்டாவது

போன வருடம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது நடந்தது இது. ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் இயங்கும் சிறிய நூலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். இதை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. நான் சொல்லாமல் விட்டது வேறொன்று. அம்மா என்ன செய்கிறார் என்று அலுவலகத்தில் கேட்டால், "வீட்டில்தான் இருக்கிறார்" என்று முடித்துவிடுவேன். அம்மா தாசேக் கெலுகோர் பக்கம், ஒருவருடைய சின்ன ரப்பர்த் தோட்டத்தில் இன்றைக்கும் பங்குக்குப் பால் மரம் வெட்டுகிறார், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறார். பள்ளி விடுமுறைகளில் நானும் உளியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போயிருக்கிறேன்.

அந்த மாதம் நூலகத்துக்கு நாற்பது பெட்டி புத்தகங்கள் வந்திருந்தன. காலமான ஒரு பேராசிரியரின் வீட்டார் கொடுத்தவை. பெட்டிகளைப் பிரித்துப் பட்டியல் போடுவது என் வேலை. நியாயமாகப் பத்து நாளில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் பிரித்த பெட்டியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிடுவேன். கெடாவில் மண்ணுக்கடியில் கிடைத்த கோயில் அடித்தளங்களைப் பற்றி ஒரு புத்தகம். மிளகுக் கப்பல்களின் சரக்குப் பட்டியலை மட்டும் வைத்து எழுதப்பட்ட இன்னொன்று. தமிழ் முஸ்லிம் வணிகர்களின் உயில்களைப் பற்றி, காலரா பரவிய வழிகளைப் பற்றி, கடற்கரைக்குப் பழைய வரைபடங்களில் இருந்த பெயர்களைப் பற்றி என்று எழுதியவர்கள் ஆளுக்கொரு திசையில் போயிருந்தார்கள். நான் தினமும் செருப்புத் தேய நடக்கும் சாலைகளை அந்தக் காலத்தில் இந்தியக் கைதிகள் எப்படிப் போட்டார்கள் என்று ஒருவர் முந்நூறு பக்கம் எழுதியிருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எறும்பு ஊர்வதுபோல் அடிக்குறிப்புகள். ஒரு வரி எழுத ஏழு சான்று! இவ்வளவு பாடுபட்டு எழுதியவர்கள் எப்படித் தவறு செய்வார்கள் என்று நினைத்தேன். அப்படித்தான் நம்பினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு பெண் படியேறி வந்தார். அறுபது வயதிருக்கும். கையில் கீரை வாசம். ஆயர் ஈத்தாம் சந்தையில் கீரையும் வாழையிலையும் விற்பவராம். நான் "ஆன்ட்டி" என்றதும், "அக்கான்னே கூப்பிடும்மா, சந்தையில சின்னப் பிள்ளைங்ககூட அப்படித்தான் கூப்பிடும்" என்றார்.

"எஸ்டேட்டைப் பத்திப் பழைய புஸ்தகம்லாம் வந்திருக்காம்லா? என் மக போன்ல பார்த்துச் சொன்னா."

அவர் பிறந்த மூன்றாம் மாதத்தில் அவருடைய அம்மா இறந்துபோனாராம். ஒரு படம்கூடக் கிடையாது. ஆனால் வளர்த்த சின்னம்மா ஒரு விஷயம் சொல்லிக்கொண்டே இருப்பாராம். வெள்ளைக்காரர் ஒருவர் எஸ்டேட்டில் வந்து தங்கினார், மரம் வெட்டும் பெண்களைப் படம் பிடித்தார், அதில் உன் அம்மாவும் உண்டு, அதைப் புத்தகத்தில் போட்டிருக்கிறாராம் என்று.

"எந்தப் புஸ்தகம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்களும் என்னை மாதிரி கைநாட்டு. இப்ப அவங்களும் இல்ல."

தீபாவளிக்கு முதல்நாள் வீட்டில் இறந்தவர்களுக்குப் படைப்போம் அல்லவா? அப்பா, சின்னம்மா, கணவர் எல்லாருக்கும் படம் வைத்து மாலை போடுவாராம். "எங்கம்மாவுக்கு மட்டும் ஒரு சேலைய மடிச்சு வெப்பேன். அறுபது வருஷமா முகமில்லாம வந்து சாப்பிட்டுட்டுப் போறாங்க." இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்றிலிருந்து பட்டியலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் பெட்டி பெட்டியாகத் தேடினேன். இருபத்தேழாவது பெட்டியில் கிடைத்தது. தோட்டக் குடும்பங்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி நூல். அக்கா சொல்லியிருந்த எஸ்டேட்டின் பெயர் அதில் இருந்தது. நடுவில் வழவழப்பான தாளில் சில படங்கள். அவற்றில் ஒன்றில் நான்கு பெண்கள், சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையும் தலையில் துணியுமாக, மரங்களுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். கீழே "இடமிருந்து" என்று போட்டு நான்கு பெயர்கள். இரண்டாவது பெயர், அக்கா தன் அம்மாவுடையது என்று சொல்லியிருந்த பெயர்.

தகவல் சொன்ன ஒரு மணி நேரத்தில், பக்கத்துக் கடைக்காரரிடம் கீரையை ஒப்படைத்துவிட்டு அக்கா வந்துவிட்டார். நான் இரண்டாவது பெண்ணைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு அவருடைய விரல் மெதுவாக நகர்ந்து மூன்றாவது பெண்மேல் போய் நின்றது.

"இது யாரும்மா?"

"அது வேற ஒருத்தங்கக்கா."

"இந்தத் தாடை என் மகளோடது மாதிரியே இருக்கே."

"மனசு அப்படித்தான்க்கா எதையாச்சும் நினைக்கும். எழுதினவரு பெரிய ஆராய்ச்சியாளர். பேரை வரிசையா போட்டிருக்காரு. இடமிருந்து ரெண்டாவது. இவங்கதான் உங்கம்மா."

அவர் விரலை எடுத்துக்கொண்டார். "படிச்ச பிள்ளை, நீ சொன்னா சரிதான்" என்றார். அந்த வார்த்தை அன்று எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது பெண்ணை மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மூட்டை கீரையைக் கையில் திணித்து அனுப்பினார். பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ பெரிய விருது வாங்கியவள்போல் உட்கார்ந்திருந்தேன்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, வந்த புத்தகங்களில் சிலவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்க ஏற்பாடு நடந்தது. ஒவ்வொன்றுக்கும் சிறு குறிப்பு எழுத வேண்டும். இந்தப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை விரித்து வைத்து, "பால் மரம் வெட்டும் பெண்கள்" என்று எழுதத் தொடங்கினேன். அதுவரை முகங்களை மட்டுமே பார்த்திருந்த நான் அப்போதுதான் மரங்களைப் பார்த்தேன்.

என்னவோ உறுத்தியது. என் கை தானாக எழுந்து, உளியைப் பிடித்த மாதிரி காற்றில் ஒரு கோடு இழுத்தது. மேலே இடப்பக்கம் தொடங்கி, வலப்பக்கம் கீழே. படத்தில் இருந்த மரத்தில் பட்டையின் வெட்டு அப்படி இல்லை. வலப்பக்கம் மேலே தொடங்கி இடப்பக்கம் இறங்கியது. பால் வடியும் கிண்ணம், எங்கள் தோட்டப் பேச்சில் மங்கு, இடப்பக்கம் தொங்கியது. அடுத்த மரமும் அப்படியே. அதற்கடுத்ததும்.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, பால் மரத்துல கோடு எந்தப் பக்கம் எறங்கும்?"

"என்னடி கேள்வி இது? வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"சொல்லும்மா."

"இடக்கைப் பக்கம் மேல, வலக்கைப் பக்கம் கீழ. மங்கு வலப்பக்கம். நீயே வெட்டியிருக்கல்ல?"

"மாத்தி வெட்ட மாட்டாங்களா? எந்த எஸ்டேட்லயும்?"

"மாத்தி வெட்டினா பால் கொறையும். அப்புறம் கங்காணி நம்மள வெட்டுவான். ஏன்டி, யூனிவர்சிட்டில படிச்சவங்க இதெல்லாமா கேக்குறாங்க இப்ப?"

போனை வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இப்போது இன்னொன்றும் தெரிந்தது. ஆண்கள் சட்டைக்குப் பை இடது மார்பில் இருக்கும். படத்தில் நான்கு பெண்களுக்கும் வலது மார்பில் இருந்தது. அச்சிடும்போது யாரோ படத்தை இடம் வலம் மாற்றிப் போட்டுவிட்டார்கள். பெயர்கள் சரி. வரிசையும் சரி. படம்தான் கண்ணாடிப் பிம்பம். அப்படியென்றால், நான் இரண்டாவது என்று காட்டியவர் உண்மையில் மூன்றாவது. அக்காவின் விரல் போய் நின்ற அந்தப் பெண்தான் இரண்டாவது.

எனக்குப் பாதி பயம், பாதி வியப்பு. பேராசிரியர் அந்தப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடிட்டிருந்தார். எத்தனையோ பேர் கை மாறியிருக்கும். ஒருவர் கண்ணிலும் படவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத நான்கு பெண்கள் அறுபது வருடத்துக்கு முன் ஒரு காலையில் மரப்பட்டையில் இழுத்த கோடு மட்டும், அச்சுப் பிழைக்கு எதிரான சாட்சியாக, யாராவது பார்க்கட்டும் என்று அந்தப் பக்கத்திலேயே காத்திருந்தது. நான் அத்தனை நாள் வியந்து படித்த அடிக்குறிப்புகளில் எதுவும் இதற்கு ஈடில்லை.

எங்கள் நூலக மேலாளர் ஒரு சீனப் பெண்மணி. அவரிடம் ஓடினேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் ஏழு மாதமாகச் சொல்லாத பதிலைச் சொன்னேன். "நான் பால் மரம் வெட்டியிருக்கிறேன். என் அம்மா இன்று காலையும் வெட்டினார்."

அவர் கைப்பையிலிருந்து சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துப் பக்கத்தின் ஓரத்தில் செங்குத்தாக நிறுத்தினார். இருவரும் குனிந்து பார்த்தோம். கண்ணாடிக்குள் கோடுகள் வலப்பக்கம் இறங்கின. மங்குகள் வலப்பக்கம் தொங்கின. நான்கு பெண்களும் தங்கள் தங்கள் இடத்தில் நின்றார்கள். மேலாளர் என் தோளைத் தள்ளி, "பெர்கி! செக்காராங்!" என்று மலாயில் விரட்டினார். போ, இப்போதே போ என்று.

ஆயர் ஈத்தாம் போகும் பேருந்தில் இருக்கை இருந்தும் நான் உட்காரவில்லை. ஒரு மகளின் வீட்டில் வேறு யாரையோ அம்மா என்று மாட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இன்னும் மூன்று நாளில் அந்த முகத்துக்கு அவர் சோறு படைப்பார்.

சந்தையில் அக்கா வாழையிலைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, சந்தைக்குப் பின்னால் அடுக்குமாடியில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். சுவரில் அந்தப் படம் இல்லை. அலமாரியின் மேலிருந்து நாளிதழில் சுற்றிய சட்டத்தை இறக்கினார். நான் கொடுத்தபடியே இருந்தது.

"மாட்டலாம்னு மூணு தடவை ஆணி எடுத்தேன்மா. மனசு ஒட்டல. பெத்தவ முகத்தைப் பார்த்தும் ஒட்டலன்னா நான் என்ன பிள்ளைன்னு வெக்கமா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தவறான படத்தைக் கொடுத்ததைவிட இது பெரிய தவறு. என் நிச்சயத்தால் ஒரு பெண்ணை அவருடைய மனசின்மேலேயே சந்தேகப்பட வைத்திருக்கிறேன்.

போனில் சரியாகத் திருப்பி வைத்திருந்த படத்தை நீட்டினேன். இடமிருந்து இரண்டாவது. அக்கா அதை வாங்கி, "ஏய், இங்க வாடி" என்று உள்ளே கூப்பிட்டார். தொழிற்சாலைச் சீருடையில் மகள் வந்தாள்.

"ம்மா, ஷிப்டுக்கு பஸ் வந்துரும்லா..."

"திரும்புடி. அந்தப் பக்கம்."

மகளின் தாடைக்கு அருகில் போனைப் பிடித்தார். அந்தப் பெண் ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தாள். தன் தாடையைத் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அன்று அவள் ஷிப்டுக்குத் தாமதமாகத்தான் போனாள்.

"மன்னிச்சிருங்கக்கா. நீங்க அன்னிக்கே விரல் வெச்சீங்க. நான்தான்..."

"விடும்மா. நீ புஸ்தகத்த நம்பின, நான் உன்னை நம்பினேன். மரத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சிட்டியே, உங்கம்மா நல்லாத்தான் வளர்த்திருக்காங்க லா."

புதுப் படத்தைச் சட்டம் போட்டுத் தருகிறேன், பழையதை எடுத்துப் போகிறேன் என்றேன். சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இவங்கள எங்க கொண்டுபோவ? யாருக்கோ அம்மாதானே இவங்களும். பத்து நாளா என் வீட்டுல இருந்திருக்காங்க. இவங்க பேரு என்ன, அதைச் சொல்லு. பேர் சொல்லித்தானே கூப்பிடணும்."

படத்தின் கீழே இருந்த மூன்றாவது பெயரை வாசித்துச் சொன்னேன். அவர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

படையலுக்கு என்னையும் அம்மாவையும் வரச் சொன்னார். போனோம். அப்பா, சின்னம்மா, கணவர் படங்களோடு இரண்டு பெண்களின் படங்கள், இரண்டுக்கும் மாலை, இரண்டுக்கும் ஒவ்வொரு சேலை. அம்மா முழுப் படத்தையும் பார்க்க வேண்டும் என்று என் போனை வாங்கி, முகங்களைத் தள்ளிவிட்டு மரங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். "கோடு என்ன அழகா எறங்குது பாரு. கை சுத்தம்" என்றார். அதைக் கேட்டுத்தான் அக்கா முதல்முறையாக அழுதார். அவருடைய அம்மாவைப் பற்றி, வேலை தெரிந்த ஒருவர் சொல்லி அவர் கேட்ட முதல் பாராட்டு அது.

நூலகத்தில் அந்தப் புத்தகத்துக்குள் இப்போது ஒரு சீட்டு இருக்கிறது. படம் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கிறது, மரங்களின் வெட்டே சான்று என்று எழுதி, கீழே என் பெயரையும் அம்மாவின் பெயரையும் போட்டிருக்கிறேன். அம்மா என்ன செய்கிறார் என்று யார் கேட்டாலும் பால் மரம் வெட்டுகிறார் என்கிறேன். புத்தகங்கள்மேல் எனக்கிருந்த வியப்பு ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் யாராவது ஒரு பக்கத்தில் விரலை வைத்துவிட்டுத் தயங்கினால், நான் பேசுவதை நிறுத்திவிட்டு அந்த விரல் இருக்கும் இடத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.