வீட்டுக்காரங்க சார்பில்

பிள்ளையார்பாளையத்தை ஒட்டி நெசவாளர்களுக்காகக் கட்டின காலனியில் எங்களுக்கு வீடு கிடைத்தது எழுபதுகளின் தொடக்கத்தில். என் கணவருக்கு அவர் அப்பா வீட்டில் பங்கு இருந்ததால் அவர் பேருக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் என் பேரில் எழுதினார்கள். அதோடு சரி. வீட்டுக்காரர் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தபோது என் கணவர்தான் போய் உட்கார்ந்தார். எனக்கு அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை.

குழப்பம் பாவால் வந்தது. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்; விடிந்ததும் பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவிடுவோம். காயும்வரை அந்தப் பக்கம் சைக்கிள்கூடப் போகாது. ஒருநாள் காலையில் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. வந்த குதிரைவண்டி பாவைப் பார்த்துத் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, முனைவரைக்கும் நடந்தே போனாள். நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது.

அவள் இருந்தது சங்கத் தலைவரின் வீட்டில், குடக்கூலிக்கு. தலைவர் அந்த வீட்டை ஒரு நெசவாளியிடம் விலைக்கு வாங்கியிருந்தார்; பெரிய காஞ்சிபுரத்தில் அரிசி மண்டி வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். அவர் நகராட்சிக்குப் போய், அவளுக்கு வலி வந்த கதையைச் சொல்லி, தெருவில் பாவு போடுவதைத் தடுக்க வேண்டும், வீட்டுக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். என் கணவர் திகைத்துப்போனார். அவரும் சங்கத்தில் இருந்தவர்தான். அவரை யாரும் கேட்கவில்லை.

விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். காலனிப் பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம். தலைவர் எழுந்து பேசினார். அவர் உட்காருவதற்குள் பட்டு ஜவுளி முதலாளி ஒருவர் எழுந்தார். எங்கள் தெருவில் பாதிப் பேர் அவருக்குத்தான் நெய்தார்கள். அவருக்குக் காலனியில் வீடு கிடையாது.

"வீட்டுக்காரங்க சார்பா நான் சொல்றேன் சார். பாவைத் தடுத்தா இவங்களுக்கு வீடு இருந்தும் பிரயோஜனமில்ல," என்றார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு பேரும் வீட்டுக்காரங்க சார்பாதான் பேசறீங்க. வீடு யார் பேர்ல இருக்குதோ அவங்க மட்டும் கை தூக்குங்க."

என் கணவர் கை தூக்கினார். பின்னால் பெண்களோடு நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற தெலுங்குக்கார அம்மா, "இன்னாக்கா, வீடு உன் பேர்லதானே இருக்குது?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் அதிகாரி காதில் விழுந்துவிட்டது.

"முன்னால வாங்கம்மா. நீங்க சொல்லுங்க. பாவு வேணுமா, வேணாமா?"

என் கணவர் மெல்லக் கையை இறக்கினார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பாவு வேண்டாம் என்றால் எங்கள் தறி நின்றுபோகும். வேண்டும் என்று சொல்லலாம் என்றால், தோளில் எதிர்வீட்டுப் பெண்ணின் விரல்கள் அழுந்தினது நினைவுக்கு வந்தது.

"தெரியலைங்க. பாவு போட்டாதான் எங்களுக்கு சோறு. அவசரத்துக்கு வண்டியும் வரணும். ரெண்டுத்துல எதுன்னு எனக்கு சொல்லத் தெரியல."

அதிகாரி சிரிக்கவில்லை. சரி, போங்க என்றார்.

கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. பாவு போடலாம், ஆனால் தெருவில் ஒரு ஓரமாக, வண்டி போக வழிவிட்டு. இதை யார் கேட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. தலைவர் தன்னால் வந்தது என்றார். முதலாளியும் அதையே சொன்னார். என் கணவரோ, "நீ பேசினதாலதான்" என்றார். அதில் பெருமையா வருத்தமா என்று பிடிபடவில்லை.

அதற்கப்புறம் சங்கத்துக்கு என்னை வரச்சொன்னார்கள். போகத் தயாராகிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, எனக்கு வலி வந்த கதையைச் சொல்லித்தானே தடை கேட்டாங்க? நாங்களும் அதே தெருவுலதான் பாவு போட்டுக்கினு இருக்கோம். என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"இல்லையேம்மா."

"நீயாவது எனக்கும் சேத்துப் பேசு."

கூட்டத்தில் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். தலைவர் கோபப்படவில்லை. "இது வீட்டுக்காரங்க சங்கம்மா. குடியிருக்கிறவங்க விஷயத்த வீட்டுக்காரர் பார்த்துக்குவாரு," என்றார். அவள் குடியிருந்த வீட்டுக்கு வீட்டுக்காரர் அவரேதான். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். என் தலையும் ஆடியதோ என்னவோ, ஞாபகமில்லை.

திரும்பி வந்தபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். "சொன்னியாக்கா?" என்றாள்.

சொன்னேன் என்றேன். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். அதைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, குழந்தையை வாங்கிக்கொண்டேன்.