யார் பேரில் டொட் கொம்?

எருக்கலம்பிட்டி பரீதா அக்கா எங்கள் கந்தோருக்குள் வந்ததும் ஒரு துணிப்பையை என் மேசையில் எறிந்தார். வீட்டிலேயே அபாயா தைத்து விற்பவர். நாங்கள் செய்துகொடுத்த வெப்சைட்டின் முகவரி அந்தப் பையில் அச்சாகியிருந்தது.

"இதில இருக்கிறத அடிச்சுப் பாருங்க தம்பி."

அடித்தேன். அபாயாக்கள் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரமும் அரைகுறை உடுப்பில் பெண்களும்.

"பள்ளிவாசலடியில ஆக்கள் போனில பாத்துச் சிரிக்கிறாங்களாம். நாளைக்கு ஜும்ஆத் தொழுகை முடிஞ்சதும் தையல் மெசினைத் தூக்கிட்டுப் போறன் எண்டு என்ட நானா நிக்கிறார்."

எனக்கு இரத்தம் கொதித்தது. நடந்தது என்னவென்று அந்த நிமிடமே விளங்கிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் முதல் தடவை வந்துபோனதும், இலங்கை முகவரியான டொட் எல்கே போடுவோம் என்று எங்கள் பொஸ்ஸிடம் சொன்னேன். அவரிடம் வாங்குகிறவர்கள் மன்னாரிலும் புத்தளத்திலும் கொழும்பிலும் இருப்பவர்கள். நாட்டுக்குள் விற்கிறவருக்கு நாட்டு முகவரிதான் பொருத்தம், இங்குள்ள கடை என்று பார்த்ததுமே விளங்கும். பொஸ் குறுக்கே விழுந்தார். "ஐசே, எல்கேய ஆர் மதிக்கிறான்? கொம் போடும். உலகமே பாக்கும்." அதோடு பேச்சு முடிந்தது.

உலகத்தின்மேல் அவருக்கு ஒரு அக்கறையும் இல்லை. கொம் என்றால் தன்னுடைய எக்கவுண்டில் இரண்டு நிமிடத்தில் பதிந்துவிடலாம். எல்கேக்குப் புதிதாக எக்கவுண்ட் திறந்து, அக்காவின் விபரங்களைக் கேட்டு நிரப்ப வேண்டும். அவ்வளவு வேலை செய்யப் பஞ்சி! ஆகவே வெப்சைட்டின் பெயர் பொஸ்ஸின் பேரில் பதிவானது. பணம் கட்டிப் புதுப்பிக்கச் சொல்லும் ஈமெயிலும் அவருக்கே வந்தது. மனிதர் பார்க்கவில்லை. பெயர் காலாவதியாக, எவனோ வாங்கிக்கொண்டான்.

உள்ளறைக்குப் போய்ச் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக்கூட அவர் கீழே வைக்கவில்லை.

"ஹேக் பண்ணிப் போட்டாங்கள் எண்டு சொல்லி அனுப்பும்."

"ஹேக் இல்ல பொஸ். நீங்கள் புதுப்பிக்கேல்ல."

"அவவுக்கு அதெல்லாம் விளங்கவா போகுது?"

பரீதா அக்கா என் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"நல்லா விளங்குது. எழும்புங்க. நானாவுக்கு முன்னால வந்து இதைச் சொல்லுங்க."

பொஸ் எழும்பவில்லை. கதிரையைச் சுற்றிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார். அந்த முதுகை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றி எரிகிறது. அக்காவோடு நான் போனேன்.

அவருடைய நானா, அதாவது அண்ணன், வீட்டு வாசலிலேயே நின்றார். பிழை முழுக்க எங்களுடையது, அக்காவில் ஒரு குற்றமும் இல்லை என்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

"அண்டைக்கே உங்களுக்குச் சரி எது எண்டு தெரிஞ்சிருக்கு. அப்ப ஏன் தம்பி இவட்டச் சொல்லேல்ல?"

பொஸ்ஸில் இருந்த கோபத்தில் பாதி என்மேல் திரும்பியது.

மெசின் வீட்டிலேயே நின்றது. அன்று மாலையே டொட் எல்கே பதிந்தோம். அக்காவின் பேர், அக்காவின் ஈமெயில், அக்காவின் போன் நம்பர். பாஸ்வேர்டை அவரே அடித்தார், என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எல்கேயா கொம்மா என்பதை, வாங்குகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு முடிவெடுங்கள். எதை எடுத்தாலும் உரியவர் பேரில் பதியுங்கள். உங்கள் பொஸ் மறுத்தால், அதை வாடிக்கையாளரிடமே நேராகச் சொல்லிவிடுங்கள். நான் முணுமுணுத்துவிட்டு இருந்தேன். சிரிப்புக்கு ஆளானது ஒரு பெண்.