கமாவுக்குள்ளே ஒரு மீசை

என் அக்கா புருஷன் வாசு பதினெட்டு வருஷம் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். பினாங்கு, ஜொகூர் என்று மலேசியா முழுக்க அலைந்ததில் அவர் வீட்டில் இராச்சோறு சாப்பிட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரே ஆசைதான் அவருக்கு. யார்டு சூப்பர்வைசர் ஆகவேண்டும், தினமும் மாதவி அக்காவோடு உட்கார்ந்து சாப்பிடவேண்டும்.

சூப்பர்வைசர் என்றால் விபத்து ரிப்போர்ட்டை இங்கிலீஷில் எழுதணும். முதல் பரீட்சையில் கோட்டை விட்டார். 'ஹூ', 'விச்' எங்கே வந்தாலும் கடுகு தூவுகிற மாதிரி முன்னால் ஒரு கமாவைத் தூவியிருந்தார்.

அப்புறம் கிள்ளானில் டியூஷன் நடத்தும் புனிதா டீச்சரிடம், பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆறு மாதம் படித்தார். படித்தவர் சும்மா இருக்கலாமில்லையா? அவர் கம்பெனி டிப்போ கேட்டிலேயே காவல் நிற்கிற என் உயிரை எடுத்தார்.

"டேய் கன்னையா, யார்டுல நூறு லோரி நிக்குது. 'பிரேக் போன லோரி'ன்னு சொன்னாத்தான் எதுன்னு தெரியும். அந்த 'பிரேக் போன'ங்கிறதைக் கழட்ட முடியாது, கமா வேணாம். 'என் வைஃப் மாதவி, கிள்ளான்ல பொறந்தவ, நல்லா சமைப்பா.' கிள்ளானைத் தூக்கிரு. மாதவி மாதவிதான். கழட்டக்கூடியதுக்கு ரெண்டு பக்கமும் கமா. அவ்ளோதான் லா!"

இரண்டாம் தடவை தேறினார். மிச்சம் இண்டர்வியூதான். அதற்கு முதல் நாள் மனுஷன் பத்துமலைக்குப் போய் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துவிட்டு வந்தார். வேண்டுதலாம். வேலை கிடைத்த பிறகு போட்டால் முருகன் வேண்டாம் என்றா சொல்வார்?

எங்கள் கேட்டில் முகத்தைப் பார்த்துத் திறக்கிற மிஷின். சுருட்டை முடியும் கட்டை மீசையும் உள்ள வாசுவைத்தான் அதற்குத் தெரியும். மறுநாள் மூன்று தடவை மொட்டை முகத்தைக் காட்டினார், மூன்று தடவையும் சிவப்பு விளக்கு. இண்டர்வியூவுக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

"திறடா, நான் உன் மச்சான்!"

"எனக்குத் தெரியுது மச்சான். மிஷினுக்குத் தெரியலையே. போன மாசம் ஒருத்தரைச் சும்மா விட்டு வார்னிங் லெட்டர் வாங்கியிருக்கேன்."

"முடியும் மீசையும் கமாவுக்குள்ள இருக்கு! கழட்டினாலும் வாசு வாசுதான்!" என்று மிஷினைப் பார்த்துக் கத்தினார். மிஷின் புனிதா டீச்சரிடம் படிக்கவில்லை. பின்னால் ஏழு லோரி ஹார்ன் அடித்தது. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. என் தொப்பியை அவர் தலையில் கவிழ்த்து, மார்க்கர் பேனாவால் மூக்குக்குக் கீழே கட்டையாக ஒரு மீசை வரைந்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

அது அழியாத மார்க்கர் என்று அவர் உள்ளே போன பிறகுதான் நினைவு வந்தது. இண்டர்வியூ எடுத்த மேனேஜர் அம்மா சிரித்து முடிக்கவே கால் மணி ஆனதாம். பிறகு, நடந்ததை ரிப்போர்ட்டாக எழுதச் சொன்னாராம். ஒரு கமாகூடத் தப்பில்லை. மூன்றாம் நாளே வேலையில் சேரச் சொல்லிவிட்டார்கள்.

முதல் நாள் வேலை முடிந்து சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வந்தார், மீசை இன்னும் லேசாகத் தெரிய. சாப்பாட்டு ஆசையில் நானும் ஒட்டிக்கொண்டேன். அக்கா ரைஸ் குக்கரைத் திறந்தாள். ஒரு ஆளுக்குத்தான் சோறு. பதினெட்டு வருஷப் பழக்கத்தில் கை தானாக ஒரு கப் அரிசி போட்டிருந்தது.

வாசுவுக்கு முகம் தொங்கிப்போனது. "இந்த வீட்டுல நான்தான்டா கமாவுக்குள்ள இருந்திருக்கேன்."

நான் குக்கரை எட்டிப் பார்த்தேன்.

"உளறாம உட்காருங்க," என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருந்த சோற்றை இரண்டு தட்டில் பாதி பாதியாகப் போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கன்னையா, முக்குக் கடையில மீ கோரேங் நூடுல்ஸ் நல்லா இருக்கும்."

நான் செருப்பைத் தேடினேன்.