அப்பளக் குழவி மேல் ஏறிய லேப்டாப்

கட்டாத வீட்டுக்குள் ஆட்களை நடக்கவைப்பது என் தொழில். வரைபடத்தை வாங்கி, கம்ப்யூட்டரில் வீடாக எழுப்பி, வாசலிலிருந்து மொட்டைமாடிவரை சுற்றிக் காட்டுவேன். வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள்.

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டில் வெளிச்சமுள்ள அறை ஒன்றுதான். அதில் பாதி என் அலுவலகம். மீதிப் பாதியில் அண்ணன் மனைவி, என் மதினி, கடைகளுக்கு அப்பளம் இடுவாள். எங்கள் இருவருக்கும் எல்லையில் அவ்வப்போது தகராறு உண்டு.

சவூதியில் டிரைவராக இருக்கும் அண்ணாச்சி ஒருவர் தன் வீட்டைப் பார்க்க வந்த அன்று, என் லேப்டாப் மானத்தை வாங்கியது. கூடத்தில் ஒரு காலை வைத்தால் மறுகால் சமையலறையில்தான் விழுந்தது.

"என்ன தங்கச்சி, வீடு திக்கித் திக்கிப் போவுது? நாளான்னைக்கு எனக்கு பிளைட்டு. நாளைக்கும் இப்படித்தான்னா மெட்ராஸ்ல ஒருத்தர்ட்ட கொடுத்திருதேன். தப்பா நினைக்காதிய."

நினைக்காமல் எப்படி இருப்பது? அவரை விட்டால், வீடு கட்டக் காத்திருக்கும் அவர் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் விட்ட மாதிரி.

புது லேப்டாப்புக்கு வழியில்லை. படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு உள்ளே இருக்கிறதே, அதையே கம்பெனி வைத்த வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓடவைக்கலாம். ஓவர்கிளாக்கிங் என்பார்கள். வோல்டேஜில் கைவைக்கக் கூடாது, வேகத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டவேண்டும், கூட்டும்போதெல்லாம் கனமான காட்சியை ஓட்டிப் பார்க்கவேண்டும், சூட்டின் மேல் ஒரு கண் வேண்டும். யூடியூபில் இதைச் சொல்லித்தருகிற பையன்கள் எல்லாரும் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கும் அப்பளம் இடுகிற மதினி கிடையாது.

வேகத்தை ஒன்றுமே கூட்டாதபோதே சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டியது. ஓடிப்போய்க் காத்தாடி சுவிட்சைப் போட்டேன். அறை முழுக்கக் காயப்போட்டிருந்த அப்பளங்கள் எழுந்து பறந்தன. ஒன்று என் தலையில் வந்து உட்கார்ந்தது.

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? காத்தாடிய அமத்து!"

"லேப்டாப்பு கொதிக்கு மதினி!"

"கொதிச்சா எறக்கி வையி!"

கடுப்பில் லேப்டாப்பை அணைத்து, ஸ்குரூக்களைக் கழற்றித் திறந்தேன். உள்ளே இருந்த குட்டிக் காத்தாடியிலும், சூடு வெளியேறும் தகட்டு இடுக்கிலும் உளுந்து மாவு அப்பியிருந்தது. கொஞ்சம் பிரண்டைச் சாறு விட்டிருந்தால் உள்ளேயே அப்பளம் இட்டிருக்கலாம். எட்டிப் பார்த்த மதினி, மாவைத் திருடியவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"எம் மாவுக்கு ஒம் பெட்டிக்குள்ள என்ன சோலி?"

குட்டிக் காத்தாடி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் பைய மாவைத் தள்ளினேன். கீழே காற்றுப் போக, லேப்டாப்பின் பின்பக்கத்தை ஒரு அப்பளக் குழவி மேல் தூக்கிவைத்தேன். குழவியை மதினி தரவில்லை, நான் எடுத்தேன். சூடு நன்றாக இறங்கியது. அதன் பிறகே வேகத்தைக் கூட்ட ஆரம்பித்தேன். ஒரு கட்டத்தில் அண்ணாச்சி வீட்டுச் சுவரெல்லாம் ஊதாப் புள்ளி பூத்தது. இதற்குமேல் முடியாது என்று கார்டு கெஞ்சுவதன் அடையாளம் அது.

"இந்தச் செவுரு நல்லாருக்கே. இதையே அடிக்கச் சொல்லு" என்றாள் மதினி.

இரண்டு படி குறைத்தேன். புள்ளிகள் மறைந்தன. ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டியும் வீடு திக்கவில்லை, சூடும் ஏறவில்லை.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். அப்பளம் காய்வதால் காத்தாடி ஓடவில்லை. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி வீடு வழுக்கிக்கொண்டு ஓடியது. கூடம், மாடிப்படி, மொட்டைமாடி என்று நான் பறந்தேன்.

"பைய போம்மா" என்றார்.

குறைத்தேன்.

"இன்னும் பைய."

சமையலறை ஜன்னலுக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார். எனக்குத் திக்கென்றது. "இப்ப நல்லா வேகமா ஓடுதே அண்ணாச்சி" என்றேன்.

"ஓடுது. எனக்குத்தான் ஓட மனசில்ல. கட்டி முடிச்சாலும் வருசத்துல ஒரு மாசந்தான் இங்கன இருக்கப்போறேன். வேலைய நீயே செஞ்சிரு. இப்பம் செத்த நேரம் நிக்கட்டும்."

வேலை கிடைத்த சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வியர்வை வழிய அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மதினி குழவியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய், காத்தாடியைப் போட்டாள். அப்பளமெல்லாம் பறந்தது.