பூத்த சணப்பு

நெமிலிச்சேரி ஸ்டேஷன் ஓரமாக மெஷின் வைத்துப் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நசுங்கிய பச்சைத் தண்டின் வாசனை வந்ததும் என் கால் அங்கேயே நின்றுவிட்டது. எங்கள் வயலில் வந்த வாசனை அது.

நெல்லுக்கு முன்னால் சணப்பு விதைத்து, பூத்ததும் மடக்கி உழுதால் நல்ல உரம் என்று விவசாய ஆபீசர் சொல்லிவிட்டுப் போனார். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா விதைத்தார். என் உயரத்துக்கு வளர்ந்து வயல் முழுக்க மஞ்சளாகப் பூத்தது. ஏர் பூட்டியபோது அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"பூத்து நிக்கிறது வயசுக்கு வந்த பொண்ணு மாதிரி. அது மேல ஏர் ஓட்டுவியா நீ?"

நைனா மாட்டை அவிழ்த்துவிட்டார். காய் முற்றிய பிறகுதான் உழுதார். அதற்குள் தண்டெல்லாம் சணல் மாதிரி நாராகிவிட்டது. ஏரில் கயிறாகச் சுற்றிக்கொண்டது, மண்ணில் மட்கவே இல்லை. நெல் வெளுத்துப்போய் பாதிக்கு மேல் பதர். அந்தப் பொங்கலுக்குக் கடை அரிசிதான்.

மறுவருஷமும் சணப்பு பூத்தது. இந்த முறை நைனாதான் தயங்கினார். அம்மா போய் மாட்டுக் கயிற்றைப் பிடித்தாள்.

"இன்னாத்துக்கு நின்னுகினு கீறே? ஓட்டு."

மாட்டுக்கு முன்னால் அவளே நடந்தாள். கரையேறியபோது முழங்கால் வரைக்கும் சேறும் மஞ்சள் இதழுமாக இருந்தாள்.

நெல் நன்றாக விளைந்தது.

மெஷின் சத்தம் நின்றபோது என் கை தலையிலிருந்த மல்லிகைச் சரத்தின் மேல் இருந்தது. பூவோடு மடக்கி உழுத அந்த வருஷம் அறுப்பு முடிகிற வரைக்கும் அம்மா தலையில் பூ வைக்கவில்லை.