பதினாறாவது சிட்டிங்

அம்மா விளக்கேற்றுவதை நிறுத்தியதுதான் முதல் அறிகுறி. எங்களுக்கு அது அறிகுறியாகத் தெரியவில்லை. கோபம் என்று நினைத்தோம்.

எங்களுடையது குளத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் சிறிய ஊர். வெள்ளிக்கிழமை விளக்கு எப்போதும் அம்மாவின் கையில்தான். திடீரென்று என் மனைவி செல்வியை ஏற்றச் சொன்னாள். அம்மன் கோயில் பக்கம் போவதை விட்டாள். அந்த வருடம் திருவிழாவுக்குக்கூட முழங்கால் வலி என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள். மாமியாருக்குத் தன்மேல் ஏதோ வருத்தம் என்று செல்வி இரண்டு முறை என்னிடம் சொன்னாள். கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

பதினோரு மாதம் கழித்து, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அம்மா பழைய சேலைத் துண்டுகளை அலசிக்கொண்டிருந்ததைச் செல்வி பார்த்தாள். தண்ணீர் சிவந்திருந்தது. மாதவிடாய் நின்று பதினைந்து வருடம் ஆனவள். தீட்டு திரும்பி வந்திருக்கிறது, இதைப் போய் யாரிடம் சொல்ல என்றாளாம். நோய் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தீட்டுக்கு உரிய விலக்கங்களை மட்டும் ஒன்றுவிடாமல் கடைப்பிடித்திருக்கிறாள்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் இப்படி யாராவது எதிலிருந்தாவது ஒதுங்கினால், ஏன் என்று கேளுங்கள். மாதவிடாய் நின்றபின் துணியில் ஒரு சொட்டு பட்டாலும் அது மருத்துவர் பார்க்க வேண்டிய சொட்டு. பதினோரு மாதம் தாமதமாக இதை எழுதுகிறேன்.

முதலில் காட்டியது டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், வியாழக்கிழமை வந்து சேருங்கள் என்றார்கள். உறவுகள் எல்லோருக்கும் நிம்மதி. எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் பெண்கள் பலருக்கும் கர்ப்பப்பை எடுத்தாயிற்று. எடுத்தால் தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நம்பினோம். நானும் அலுவலகத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மாத்திரை வாங்க நின்ற இடத்தில் ஒரு நர்ஸ் செல்வியின் காதருகே வந்து சொல்லியிருக்கிறார்: "சதை எடுத்து டெஸ்ட் பண்ணாம ஆபரேஷனுக்கு ஒத்துக்காதீங்கக்கா."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு திருச்சிக்குப் போனோம். பயாப்சி (சந்தேகப்படும் இடத்தில் சதையைக் கிள்ளி எடுத்துச் செய்யும் பரிசோதனை) எடுத்தார்கள். கர்ப்பப்பை வாயில் புற்று. பக்கத்துத் திசுக்களுக்கும் பரவியிருந்தது. மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்தார். கவிழ்த்த சொம்பு மாதிரி இருந்தது. இந்த நிலையில் சொம்பை மட்டும் எடுத்தால் சுற்றியிருப்பது அப்படியே தங்கிவிடும், பிறகு கதிர்வீச்சு கொடுப்பதும் சிக்கலாகும் என்றார். இருபத்தைந்து சிட்டிங் (வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒரு முறை) கதிர்வீச்சு, வாரம் ஒரு முறை கீமோ (புற்றணுக்களை அழிக்க நரம்பு வழியாக ஏற்றும் மருந்து), கடைசியில் உள்ளிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு. நடுவில் நாள் விடக் கூடாது. இதைத்தான் மூன்று முறை சொன்னார். குணமாக வாய்ப்பு உண்டா என்று கேட்டேன். உண்டு, முழுசாக முடித்தால், என்றார்.

அவர் அம்மாவிடம் கேள்விகள் கேட்டபோது நான் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மாதத்துத் தாள் என்று கேட்டால் இப்போதும் தெரியாது.

மருத்துவமனை அருகே ஓர் அறை எடுத்தோம். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே. தினமும் அம்மா முக்கால் லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் குடல் மேலே ஒதுங்கும், கதிர் அதில் அதிகம் படாது. நடைபாதை பெஞ்சில் வரிசையாகப் பெண்கள், தொடை இறுக்கி, கடிகாரத்தைப் பார்த்தபடி. யாரும் அழவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பாட்டிலை வாங்குவேன், கொடுப்பேன். நாள் என்பது நிறையும் ஒரு பை, காலியாகும் ஒரு பை.

மூன்றாவது வாரம் ரத்தம் நின்றது.

பதினைந்து சிட்டிங் முடிந்த வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளிக்கணும், என் கட்டிலில் ரெண்டு நாள் படுக்கணும் என்றாள் அம்மா. ஊருக்கு அழைத்துவந்தேன். திருவிழா எனக்கு நினைவிலேயே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காப்புக் கட்டினார்கள். திங்கள் காலை நான் பையை எடுத்துக்கொண்டு நின்றபோது அம்மா கட்டிலைவிட்டு எழவில்லை.

"காப்புக் கட்டியாச்சு. எட்டு நாளைக்கு எங்கிட்டும் வரமாட்டேன்."

"சிட்டிங் விட்டுப்போகுமேம்மா."

"அதான் நின்னுபோச்சுல்ல. போன வருசம் கோயில் வாசப்படிய மிதிக்கல. இந்த வருசந்தான் சுத்தமா இருக்கேன். இப்பப் போயி ஊர விட்டு வான்னா எப்புடி?"

அப்போது நான் சொன்னதை எழுதத்தான் வேண்டும். "செத்துப்போனா எந்தக் கோயிலுக்குப் போவ?" என்றேன்.

அம்மா சிரித்தாள். "செத்துப்போனா ஒங்களுக்குல்ல தீட்டு. எனக்கென்ன?"

அன்றைய சிட்டிங் போயிற்று. மத்தியானம் மருத்துவரைப் போனில் பிடித்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ரத்தம் நின்றால் சிகிச்சை வேலை செய்கிறது என்று அர்த்தம், முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை, பாதியில் விட்டவர்கள் பலர் இந்தக் கட்டத்தில்தான் விட்டார்கள் என்றார். பிறகு வேறு ஒன்றைக் கேட்டார்.

"காப்புக் கட்டினா ஊர் எல்லையத் தாண்டவே கூடாதா, இல்ல ராத்திரி வெளியூர்ல தங்கக் கூடாதா? அம்மாகிட்டக் கேளுங்க. எங்க ஊர்ல தங்கத்தான் கூடாது."

நாற்பத்தெட்டு வருடம் இந்த ஊர்க்காரன். எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒரு விதியோடு காலையிலிருந்து சண்டை போட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் கேட்டேன். ராத் தங்கத்தான் கூடாது, விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்து சேந்துறணும் என்றாள். பிறகு மெதுவாக, "அந்த டாக்டரம்மாவா கேட்டுச்சு?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அப்ப வாரேன்."

செவ்வாய்க்கிழமை பதினாறாவது சிட்டிங். அந்த வாரம் முழுக்கப் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் திரும்பினோம். மருத்துவர் நேரத்தைப் பதினோரு மணிக்கு மாற்றித் தந்தார். பஸ் மாத்தூர் தாண்டும்போது அம்மா தண்ணீர் குடிக்க ஆரம்பிப்பாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கம்பியை இறுக்கிப் பிடிப்பாள். ஒருநாள் அடக்க முடியவில்லை. சேலை நனைந்தது. என் துண்டை மடித்துக் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மருத்துவமனையில் மறுபடி முக்கால் லிட்டர், மறுபடி முக்கால் மணி நேரம். மாலையில் வீடு வந்து, குளித்து, கோயிலுக்குப் போய்க் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுவிட்டு வருவாள். என்ன வேண்டினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற இடம் எனக்குள் மரத்துப்போயிருந்தது.

விட்டுப்போன ஒரு நாளையும் சேர்த்து இருபத்தைந்தும் முடிந்தன. பிராக்கிதெரபி (கருவியை உள்ளே வைத்து மிக அருகிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு) மூன்று முறை. அதைப் பற்றி அம்மா எதுவும் சொல்லவில்லை. நானும் எழுத மாட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தார்கள். கட்டி தென்படவில்லை என்றார் மருத்துவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார். வெளியே வந்து டீ குடித்தோம். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். டீ சூடாக இருந்தது, அவ்வளவுதான். உங்களுக்கும் இப்படி இருந்தால் பயப்படாதீர்கள். இத்தனை நாள் மரத்துப்போயிருந்தது உடனே மாறிவிடுவதில்லை.

அம்மா பதினோரு கிலோ குறைந்திருக்கிறாள். உட்கார்ந்தால் எலும்பு கட்டிலில் படுகிறது என்கிறாள். சிறுநீர் எரிச்சல் விட்டு விட்டு வருகிறது. எங்கே போனாலும் முதலில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்துவைக்கிறாள். காலத்தையும் மூன்று மூன்று மாதமாகத்தான் எடுத்துக்கொள்கிறாள். அடுத்த பரிசோதனைக்கு முன்னால் வரும் விசேஷம் என்றால் வாரேன் என்பாள். பின்னால் என்றால், "பாப்போம்."

செல்வியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் குறித்தார்கள். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. செல்வி எடுத்துவந்த சேலையை அம்மா மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். பாப்போம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க எங்கள் தெருவில் துணி தைக்கும் ராணியை வரச் சொன்னாள்.

ராணி டேப்பைச் சுற்றினாள். பழைய அளவைவிட எவ்வளவோ குறைந்திருந்ததை வாய்விட்டுச் சொல்லாமல் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"பிரிச்சு விடுற மாதிரி உள்ள துணி விட்டுத் தையி. ரெண்டு பக்கமும்" என்றாள் அம்மா.

"எவ்வளவு விடட்டும் ஆத்தா?"

அம்மா யோசித்தாள். பிறகு இரண்டு விரல்களைச் சேர்த்து நீட்டிக் காட்டினாள்.